உங்கள் வட்டாரத்தின் தெருக் கலைகளையும் விந்தைகளையும் நிகழ்வுகளையும் பதிவு செய்வது எப்படி?

ஒரு சுவரோவியத்தை வரைந்து முடிக்கப் பல நாட்கள் பிடிக்கும். அதன் மேல் வெள்ளையடிக்க ஓர் இரவு போதும். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்று அழைக்கப்பட்ட பழைய தொழிற்கூடத்தின் சுவர்கள் தெருக் கலைஞர்களின் ஓவியங்களால் நிறைந்திருந்தன. 2013 நவம்பரில் அவை ஒரே இரவில் வெள்ளையடிக்கப்பட்டன. 2018-இல் நீதிமன்றம் 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது என்றாலும், கட்டடமே இடிக்கப்பட்டுவிட்டதால் அந்த ஓவியங்களை இன்று படங்களில்தான் பார்க்க முடியும். நாம் வாழும் வட்டாரத்தில் இத்தகைய வழக்குகள் நடப்பதில்லை, செய்திகளும் வருவதில்லை. ஒன்று மறைந்தது என்பதே பல மாதங்கள் கழித்துத்தான் நமக்கு உறைக்கிறது. ஆகவே, பொருள் கண்முன் இருக்கும்போதே நாளும் இடமும் பெயரும் சேர்த்து எழுதி வைப்பதே இந்த வேலையின் உயிர்நாடி.

எல்லையைச் சிறியதாக வகுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் நடந்து திரும்பக்கூடிய ஒரு சுற்று போதுமானது. நகரம் முழுவதையும் பதிவு செய்யப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலேயே களைத்துவிடுகிறார்கள். ஒரே தெருவின் இரண்டு நடைபாதைகளையும் தனித்தனியாக நடக்க வேண்டும், ஏனெனில் நாம் நடக்கும் பக்கத்தில் காலடியில் இருப்பவைதான் கண்ணில் படும். மேல்மாடி முகப்பு, கைப்பிடிச் சுவர், சுவரில் பதித்த ஆண்டு எண் ஆகியவை எதிர்ப்பக்கத்திலிருந்துதான் தெரியும். முதல் சுற்றில் கேமராவை எடுக்காமல் குறிப்பேட்டை மட்டும் கொண்டுசெல்லும்படி நான் வற்புறுத்துவேன். படம் எடுத்துவிட்டோம் என்ற நிறைவு வந்தவுடன் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

எதைத் தேடுவது என்ற கேள்விக்கு ஜப்பானியக் கலைஞர் அகசெகவா கென்பெய் ஓர் அருமையான வழியைக் காட்டியிருக்கிறார். 1972-இல் டோக்கியோவில், ஏறிச் சென்றால் வாசல் எதுவும் இல்லாத ஒரு படிக்கட்டை அவர் கண்டார். பயனற்றுப்போன அந்தப் படிக்கட்டின் கைப்பிடியை யாரோ அக்கறையுடன் பழுதுபார்த்து வைத்திருந்தார்கள். பயன் போய்விட்ட பிறகும் பேணப்பட்டுவரும் இத்தகைய கட்டடப் பகுதிகளுக்கு அவர் ‘தாமசன்’ என்று பெயர் சூட்டினார். அது ஜப்பானில் விளையாடிய ஓர் அமெரிக்கப் பேஸ்பால் வீரரின் பெயர். அடைக்கப்பட்ட சன்னலின் மேல் இன்னும் நிற்கும் மழைத்தடுப்பு, எதையும் காக்காத வேலிக்கதவு, இடிந்த பக்கத்து வீட்டின் கூரை வடிவம் பதிந்திருக்கும் சுவர் ஆகியவற்றை ஒரு முறை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்துவிட்டால், தெருவுக்குக் குறைந்தது நான்கு தேறும். காலடியையும் மறந்துவிடக் கூடாது: ஜெர்மன் கலைஞர் குன்டர் டெம்னிக் தொடங்கிவைத்த, 10 செ.மீ. பக்க அளவுள்ள பித்தளை முகப்புக் கற்கள், நாஜி ஆட்சியில் பலியானவர்கள் வசித்த வீடுகளின் வாசல்களில் ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேல் பதிக்கப்பட்டுள்ளன. குனிந்து பார்ப்பவருக்குத்தான் அவற்றில் உள்ள பெயர்களைப் படிக்க முடியும்.

காலடியில் இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி. அதில் பெரும்பாலும் அதை வார்த்த ஃபவுண்டரியின் (இரும்பு வார்ப்பாலையின்) பெயரோ முத்திரையோ, பதித்த துறையின் முதலெழுத்துகளோ, சில வேளைகளில் வார்த்த ஆண்டோ இருக்கும். உச்சிவெயிலில் அந்த எழுத்துகள் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். தேய்ந்துபோன மூடியாக இருந்தால் மெல்லிய தாளை அதன்மேல் விரித்து, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கைவாட்டில் பிடித்து மென்மையாகத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடத் தாளில் தெளிந்து வரும். இதை நடைபாதையில் உள்ள மூடிகளில் மட்டும் செய்யுங்கள். வாகனங்கள் ஓடும் சாலையில் எந்த மூடிக்காகவும் உட்காரக் கூடாது.

பழைய சுவர் விளம்பரங்களுக்கு மழையே நல்ல துணை. வெயிலில் வெளிறிய கறையாக மட்டும் தெரியும் சுவர் ஈரமானவுடன், செங்கல்லின் நிறம் ஆழ்ந்து, பெயிண்ட் இருந்த இடமும் இல்லாத இடமும் பிரிந்து காட்டும். அப்போது உற்றுப் பார்த்தால் ஒரே சுவரில் இரண்டு மூன்று விளம்பரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருப்பது புலப்படலாம். எந்த எழுத்து எந்த எழுத்தை மறைக்கிறது என்பதைக் கவனித்து, அடியில் உள்ளதிலிருந்து மேலே உள்ளதுவரை வரிசையாகப் படியெடுங்கள். படிக்க முடியாத எழுத்துக்கு ஊகித்து நிரப்பாமல் ஒரு புள்ளி வையுங்கள்.

சுவரோவியத்தைப் பொறுத்தவரை, கலைஞரின் கையெழுத்து பெரும்பாலும் கீழ்மூலையில் இருக்கும் என்பதால், வண்டிகளும் செடிகளும் மறைக்கும் முன் அதை முதலில் தேடுங்கள். பெரிய சுவர்களில் வரைபவர்கள் பலர், முதலில் சுவர் முழுவதும் எண்களையும் வளையங்களையும் கிறுக்கி, அந்தக் கிறுக்கலைப் படமெடுத்து, அதன்மேல் தங்கள் மாதிரி ஓவியத்தைக் கணினியில் பொருத்தி, எந்தக் கிறுக்கலின் அருகே எந்தக் கோடு வர வேண்டும் என்று அறிந்து வரைகிறார்கள். பெயிண்ட் மெல்லியதாக உள்ள ஓரங்களில் அந்தக் கிறுக்கல்களின் மிச்சத்தை நீங்களே காணலாம். ஸ்டென்சில் (வடிவம் வெட்டியெடுத்த அட்டை) வைத்து ஸ்ப்ரே அடித்த ஓவியமாக இருந்தால், தனித்தனித் தீவுகளாக நிற்கும் வடிவங்களை இணைத்துவைக்கும் சிறு பாலங்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். ஓவியம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அங்கே இருக்க நேர்ந்தால், அதைவிடப் பெரிய வாய்ப்பு இல்லை. வேலைக்கு இடையூறு செய்யாமல், ஓய்வு நேரத்தில் பெயரையும் தொடங்கிய நாளையும் மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பதிவிலும் பார்த்த நாள், இடம், அது என்ன, அதில் எழுதியிருப்பது, தகவல் எங்கிருந்து கிடைத்தது ஆகியவை இருக்க வேண்டும். இடத்தைக் கதவு எண்ணோடு நிறுத்தாமல் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் குறியுங்கள்: தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் சுமார் 11 மீட்டர்வரை துல்லியம் தரும், ஐந்து இலக்கங்கள் சுமார் 1.1 மீட்டர்வரை தரும் என்பதால், ஐந்து இலக்கங்கள் எழுதினால் எந்தத் தூண் என்பதே தெரிந்துவிடும். படங்களை மூன்று தொலைவுகளில் எடுங்கள்: சுற்றுப்புறத்தோடு ஒன்று, பொருள் முழுவதும் ஒன்று, நுணுக்கத்துக்கு ஒன்று. கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். முன்பு ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாற்பது படங்களை நான் மகிழ்ச்சியோடு சேர்த்துவைத்தேன்; அவ்வாறு அனுப்பும்போது படத்துக்குள் பதிந்திருந்த நாளும் இடமும் நீங்கிவிடும் என்பதை அப்போது அறியாததால், அவற்றில் பாதிக்குமேல் எந்தத் தெரு என்றே இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மூலக்கோப்பை அப்படியே கேட்டு வாங்குங்கள்.

தெருவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களிடம் ‘இதன் வரலாறு என்ன?’ என்று கேட்டால் தயங்குவார்கள்; ‘இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?’ என்று கேட்டால் மனம் திறந்து பேசுவார்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே எழுதுங்கள்; நீங்கள் நேரில் பார்த்ததோடு கலந்துவிடக் கூடாது. மனித முகங்களையும் வீட்டின் உட்புறத்தையும் அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள். படங்களை வெளியிடும் உரிமை நாட்டுக்கு நாடு மாறுபடும்: ஜெர்மனியில் பொதுத்தெருவில் நிலையாக உள்ள கலைப்படைப்புகளைப் படமெடுத்து வெளியிடச் சட்டம் இடம் தருகிறது; பிரான்சில் 2016-இல் வந்த விதிவிலக்கு, கட்டடங்களுக்கும் சிற்பங்களுக்கும், அதுவும் தனிநபரின் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் நாட்டின் விதியைப் படித்துவிட்டு வெளியிடுங்கள். விதி எதுவாக இருந்தாலும் கலைஞரின் பெயர் தெரிந்தால் படத்தோடு அதைக் குறிப்பிட வேண்டும்.

நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது இவை அனைத்தையும்விட அவசரமானது, ஏனென்றால் சுவரொட்டி ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். தலைப்பு, தொடக்க நேரம், எந்த வாசல் வழியாக நுழைவது, கட்டணம் உண்டா, சக்கர நாற்காலி செல்ல வழி உண்டா, நடத்துபவர் யார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரொட்டிகளில் ஆண்டு அச்சிடுவது அரிது; ஆனால் கிழமை இருந்தால் கணக்கிட்டுவிடலாம். ‘மார்ச் 14, சனிக்கிழமை’ என்று இருந்தால், 2009 முதல் 2026 வரை அந்தப் பொருத்தம் 2009, 2015, 2020, 2026 ஆகிய நான்கு ஆண்டுகளில் மட்டுமே வருகிறது. தாளின் பழமையைப் பார்த்து எது என்று முடிவு செய்யலாம். நிகழ்ச்சி முடிந்த பிறகு, அது நடந்ததா, தள்ளிப்போனதா என்பதை ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள். அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு நடந்ததாக எழுதுவது பிற்காலத்தில் பலரைத் தவறான வழியில் இட்டுச்செல்லும்.

ஐம்பது பதிவுகள் சேர்ந்ததும் மற்றவர்களோடு நடக்கத் தொடங்குங்கள். நகர வாழ்வைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக 2007-இல் டொரன்டோவில் தொடங்கிய ‘ஜேன்ஸ் வாக்’ என்ற இலவச நடைகளை அந்தந்தப் பகுதியில் வாழ்பவர்களே வழிநடத்துகிறார்கள். அதே முறையில் பத்துப் பேரோடு ஒரு மணி நேரம் நடந்தால், நீங்கள் ஓராண்டாகக் காணாததை ஒருவர் சுட்டிக்காட்டுவார். 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் சிற்பங்களையும் சுவரோவியங்களையும் யார் வேண்டுமானாலும் குறிக்கலாம் என்பதால், நீங்கள் நேரில் சரிபார்த்தவற்றை அங்கே சேர்க்கலாம்.

ஓராண்டு கழித்து அதே சுற்றை, முதல் படங்களை எடுத்த அதே இடங்களில் நின்று, அதே வரிசையில் மீண்டும் நடங்கள். இருப்பதற்கு எதிரே ‘இருக்கிறது’ என்றும், மாறியதற்கு எதிரே மாற்றத்தையும், காணாமற்போனதற்கு எதிரே ‘இல்லை’ என்றும் அன்றைய தேதியோடு எழுதுங்கள். காணாமற்போனதன் பழைய பதிவை மட்டும் ஒருபோதும் அழித்துவிடாதீர்கள்.