சென்னையில் காவல் நிலையமும் நீதிமன்றமும்: வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திருக்கும் தமிழர்களுக்கு

வீடு பார்த்து, பால் காய்ச்சி, கேஸ் சிலிண்டருக்கு எழுதிக் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் பிடித்தாயிற்று. இந்த வளசரவாக்கம், போரூர் பக்கம் வந்து இறங்குகிறவர்கள் அதற்கு அப்புறம்தான் ஒரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "அக்கா, ஏதாவது ஆகிவிட்டால் இங்கே போலீஸ் நம்மை எப்படி நடத்தும்?" யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் சோதனைச் சாவடி நினைவு. கிள்ளானிலிருந்து வந்தவர்களுக்கு லாக்கப்பில் செத்துப்போன இந்தியப் பையன்களின் நினைவு. லண்டனில் வளர்ந்த பிள்ளைகள், தெருவில் நிறுத்திச் சோதிப்பது கறுப்பினப் பையன்களுக்கே அதிகம் நடக்கிறது என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். "இங்கே எல்லோரும் தமிழர்தானே, நிறம் பார்க்கமாட்டார்களே" என்று அவர்கள் கேட்கும்போது எனக்குச் சட்டென்று பதில் வராது.

நான் ஈப்போவில் பிறந்து, கல்யாணமாகி 2003-இல் சென்னைக்கு வந்தவள். வந்த மூன்றாம் வருடம், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பைக்கில் வந்த இரண்டு பேர் என் கைப்பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே பாஸ்போர்ட். அழுதுகொண்டே தனியாகக் காவல் நிலையத்துக்குப் போனேன். ரைட்டர், அதாவது நிலையத்தில் புகார் எழுதும் காவலர், நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்றார். அப்புறம், அது எங்கள் எல்லையில் வராது என்றார். ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் காலை என் சின்ன மாமனாருடன் போனேன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா. அவருக்கு உடனே நாற்காலி வந்தது. எனக்கும் ஒன்று வந்தது. புகார் நேற்று நான் சொன்ன அதே வார்த்தைகள்தான். இன்றைக்கு எல்லை அவர்களுடையதாகிவிட்டது.

சென்னையில் வித்தியாசம் எங்கே நடக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் அந்த மேஜைக்கு முன்னால்தான் என்பேன். யார் கூட வந்தார், எந்த முகவரி, எப்படிப் பேசுகிறார், என்ன உடுத்தியிருக்கிறார் என்பதெல்லாம் புகாரைப் படிப்பதற்கு முன்பே பார்க்கப்பட்டுவிடுகின்றன. எல்லோரும் அப்படி என்று சொல்லமாட்டேன். நடு இரவில் வந்து நின்று உதவிய எஸ்.ஐ.க்களையும் எனக்குத் தெரியும். ஆனால் நல்லவர் கிடைப்பாரா என்பதை அதிர்ஷ்டத்துக்கு விடக்கூடாது. அதற்குத்தான் சில விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

எல்லை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள் (எஃப்.ஐ.ஆர். என்றால் முதல் தகவல் அறிக்கை, வழக்கின் முதல் பதிவு). "எங்க லிமிட் இல்ல" என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், போதும். வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் முதலில் உங்கள் கைக்கு வருவது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி அது, எஃப்.ஐ.ஆர். வேறு. அதையும் தராமல் "நாங்க பாத்துக்கறோம், போங்க" என்றால் எழுந்திருக்காதீர்கள். அதில் எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண் இல்லையென்றால், நீங்கள் அன்றைக்கு அங்கே போனதற்கே சாட்சி கிடையாது. அப்படியும் மறுத்தால் புகாரைத் தபாலில் துணை ஆணையருக்கு அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

பெண்களுக்கு இன்னொன்று. ஆயிரம் விளக்கில் 1992-இல் தொடங்கியது தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். கணவன் அடிக்கிறான், வரதட்சணைக் கொடுமை, பிள்ளைக்குப் பாலியல் தொல்லை என்றால் அங்கே போகலாம். பெண் போலீஸிடம் வாய் திறப்பது எளிது, அது பெரிய விஷயம். ஆனால் பெண் என்பதற்காக எல்லாப் புகாரையும் அங்கே தள்ளிவிடப் பார்ப்பார்கள். பை பறிபோனதற்கு மகளிர் நிலையம் எதற்கு? அது குற்றப்பிரிவு வேலை. மகளிர் நிலையத்திலும் கவுன்சிலிங், சமாதானம் என்று மூன்று, நான்கு முறை அலைய வைத்து, "பசங்க முகத்தைப் பாரும்மா" என்று வீட்டுக்கே திருப்பி அனுப்பிய கதைகள் என் தோழிகளிடமே இருக்கின்றன. சமாதானம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள்.

விசாரணைக்கு வரச் சொன்னால்? பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பையன்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் சாட்சி சொல்ல நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். இது அதே சட்டத்தின் 179-ஆவது பிரிவு. முன்பு 65 வயது என்று இருந்ததை இப்போது 60 ஆக்கியிருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை ஃபோனில் கூப்பிட்டு, "பெரியவரே, ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்றால் இதை நினைவில் வையுங்கள். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை முழுக் கவசம் என்று நம்பிவிடாதீர்கள். அது கட்டாய விதி இல்லை, வழிகாட்டும் விதிதான் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025-இல் சொல்லிவிட்டது. விதியை மீறினால் அந்த அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும். கைது அதனாலேயே செல்லாது என்று ஆகிவிடாது.

இனி, இந்த நிறம், இனம் பற்றிய கேள்வி. இங்கே அதற்கு வேறு பெயர்கள். சாதி, பேட்டை, பேச்சு. வடசென்னை முகவரி சொல்லும் பையனிடம் வாகனச் சோதனையில் கேட்கப்படும் கேள்விகளும் அடையாறு முகவரி சொல்லும் பையனிடம் கேட்கப்படுபவையும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் ஒரே இரவில், ஒரே தடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் அக்கா மகனையும் அவன் நண்பனையும் ஒரே பைக்கில் நிறுத்தினார்கள். ஹெல்மெட் இருவருக்கும்தான் இல்லை. அக்கா மகன் மலேசிய உரிமம் காட்டினான், "தம்பி" ஆனான். பின்னால் உட்கார்ந்திருந்த குப்பத்துப் பையன் மட்டும் சட்டைப் பையைக் காலி செய்து காட்ட வேண்டியிருந்தது. வடகிழக்கு மாநிலத்து முகங்களுக்கும், ஆப்பிரிக்க மாணவர்களுக்கும், இந்தி பேசும் கட்டடத் தொழிலாளிகளுக்கும் இதைவிட மோசமாக நடக்கும். நாம் தமிழ் பேசுவதால் தப்பிக்கிறோம் என்றால், அதையும் வித்தியாசம் என்றுதான் சொல்லவேண்டும்.

நம்மவர்களுக்குள்ளேயே தட்டு மாறும். சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவரின் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள், டீ சொல்வார்கள். ஈழத் தமிழ் காதில் விழுந்தால் முதல் வேலை பேப்பர் கேட்பது. 1991 மே 21-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, ஸ்ரீபெரும்புதூரின் நிழல் இந்தப் பேச்சுவழக்கு மேல் விழுந்து இன்னும் முழுதாக விலகவில்லை. அகதி முகாமுக்கு வெளியே இருக்கும் ஈழத்தவர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும், க்யூ பிரிவு உளவுப் போலீஸார் வந்து விசாரிப்பார்கள். 2021-இல் முகாம்களின் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. அந்தப் பெயரை எல்லாக் காவலர்களின் வாயிலும் நான் இன்னும் கேட்கவில்லை.

ஆகவே காகிதத்தில் ஓட்டை இருக்கக்கூடாது. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர், யார் தங்குகிறார் என்ற தகவலை அரசுக்குக் கொடுக்க வேண்டும், சி படிவம் என்று சொல்லிப் பழக்கம். அவர் சோம்பினால் நீங்களே நினைவூட்டுங்கள். 180 நாளுக்கு மேல் தங்கும் விசா என்றால் பொதுவாக 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கு (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் அட்டை) அந்தப் பதிவு இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு, வெளிநாட்டவர் தொடர்பான புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் வெளிநாட்டவரா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் நிரூபிக்கும் சுமை, பழைய சட்டத்தைப் போலவே, அவர் தலையில்தான். பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகப் பதிவு பெற்ற இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு அளித்த விலக்கு 2015 ஜனவரி 9 வரை வந்தவர்களுக்குத்தான். அதற்குப் பிறகு வந்திருந்தால் தாமதிக்காமல் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அதே நேரம் பயந்து கூனவும் வேண்டாம். அரசியலமைப்பின் 14-ஆவது உறுப்பு சட்டத்தின் முன் சமம் என்று சொல்வது குடிமக்களை மட்டும் இல்லை, இந்த மண்ணில் நிற்கும் எவரையும். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வெளிநாட்டுக் குடிமகன் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டால்தான். தப்பி வந்த நாட்டின் தூதரகத்துக்குச் செய்தி போவதே ஆபத்து என்று நினைப்பவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம்.

பதினெட்டு நிறையாத பிள்ளையைப் பிடித்தால் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக்கூடாது. சிறார் நீதிக் குழுமத்தின் முன்தான் கொண்டுபோக வேண்டும். பிள்ளை வளர்ந்து தாடி வைத்திருந்தால் வயதைக் கேட்காமலே இழுத்துப் போய்விடுவார்கள். பிறப்புச் சான்றிதழின் படம் உங்கள் ஃபோனில் இருக்கட்டும்.

நீதிமன்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ மாஜிஸ்திரேட் முன் தமிழில் பேசலாம், உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். நீதிபதி முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை நான் கண்டதில்லை. வித்தியாசம் வாய்தாவிலும் (வழக்கை வேறு தேதிக்குத் தள்ளிவைப்பது) ஜாமீனிலும் வருகிறது. இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த சொந்தம் என்று உத்தரவில் வரும். ஊரில் சொந்தம் இருப்பவர் அன்றைக்கு மாலையே வெளியே வருவார். புதிதாக வந்தவருக்கு யார் இருக்கிறார்கள்? இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்று 2022-ஆம் ஆண்டு அரசுக் கணக்கு சொல்கிறது. பணமும் ஆளும் இல்லாதவர்களுக்கு வாய்தாவே தண்டனை. வக்கீலிடம் முதல் நாளே சொல்லி, ரத்த சொந்தம் என்ற நிபந்தனையைத் தளர்த்தக் கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியலினத்தவருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. எண் 15100. இதை எத்தனை பெண்களுக்குச் சொன்னாலும், "நம்ம வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே, நமக்குத் தருவாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். தருவார்கள்.

இவ்வளவையும் எழுதும்போது சாத்தான்குளம் மனசில் வருகிறது. 2020 ஜூனில் அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் போலீஸ் அடித்ததில் இறந்தார்கள். கடை வைத்துப் பிழைத்தவர்கள், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர்கள். அந்த இரவில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். ஆகவே யாரையாவது உள்ளே அழைத்துப் போனால் வெளியே ஒருவர் நின்றுகொண்டிருங்கள். எத்தனை மணிக்குப் போனார், யார் கூப்பிட்டார்கள் என்று குறித்துவையுங்கள்.

தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை என்றால் நானே கூட வருகிறேன். மற்ற நாளில் என்றால் எங்கள் சின்ன மாமனாரைக் கேட்டுப் பார்க்கலாம், அவருக்கு இப்போது 81 வயது, இன்னும் வேட்டியை இஸ்திரி போட்டுத்தான் கட்டுகிறார்.