ஓ.எல் பிள்ளைக்குக் கணக்கு ஓடாவிட்டால் எங்கிருந்து தொடங்குவது?

"சேர், இவனுக்குக் கணக்கு ஓடுதில்லை. இந்த வருசம் ஓ.எல், எப்பிடியாவது பாஸாக்கி விடுங்கோ." முல்லைத்தீவில் விசுவமடுப் பக்கம் ஆறு வருசமாக, ஓ.எல் என்கிற தரம் 11 சாதாரண தரப் பரீட்சைக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், வரும் அம்மாமாரில் பாதிப் பேர் கதையை இப்படித்தான் தொடங்குவார்கள். பிள்ளை பக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்தப் பிள்ளைக்கு எங்கேயோ ஓரிடத்தில் பாடம் விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பாஸ்ட் பேப்பர் (பழைய வினாத்தாள்) கொடுப்பது வீண் வேலை. ஊரில் புதிதாக ரியூசன் தொடங்கும் தம்பி தங்கச்சிமாருக்காகத்தான் என் முறையை எழுதுகிறேன், வீட்டில் தாங்களே சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் உதவும்.

எனக்கு விட்டுப்போனது தரம் 8இல். 2008 கடைசியில் அட்சரகணிதம் நடந்துகொண்டிருந்தபோது போரால் இடம்பெயர்ந்தோம், பிறகு பள்ளிக்கூடமே இல்லை. செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே தரம் 9 பாடம் தொடங்கியபோது பலகையில் இருந்த எதுவும் எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் வெட்கம். பக்கத்துக் கூடாரத்தில் ஏ.எல் (உயர்தரம்) முடித்த ஒரு அக்கா இருந்தா. "எதுவரைக்கும் உனக்கு விளங்கினது, அதைச் சொல்லு" என்று கேட்டா. ஒரு சொல் ஏசாமல் இரண்டு வருசப் பாடம் பின்னுக்குப் போய் அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்தா. பிறகு நான் வவுனியா வளாகத்தில் (2021இல்தான் அது தனிப் பல்கலைக்கழகமானது) பிரயோக கணிதம் படித்தேன் என்றால் அதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

இப்போது தரம் 11இல் இருக்கும் பிள்ளைகள் இடப்பெயர்வைக் கண்டவர்கள் இல்லை. ஆனால் 2020, 2021இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்தபோது அவர்கள் சின்ன வகுப்புகளில் பின்னம் படித்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல் பிடிக்க மரத்தடிக்கும் குளக்கட்டுக்கும் போகவேண்டிய ஊர்களில் ஒன்லைன் வகுப்பு எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

சரி, முதல் நாள் என்ன செய்வது? புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு சின்னக் கணக்குகள் எழுதிக் கொடுங்கள்: 7 × 8, 1/2 + 1/3, −3 − 5, 250இன் 20%, 2 எக்ஸ் + 3ஐச் சுருக்க முடியுமா, இந்த மாதிரி. நேரம் வைக்காதீர்கள், புள்ளியும் போடாதீர்கள். பிழையான விடைகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிள்ளை எப்படி யோசித்தது என்பது அதில்தான் தெரியும்.

1/2 + 1/3க்கு 2/5 என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்குப் பின்னம் என்பது மேலே ஒரு எண், கீழே ஒரு எண், அவ்வளவுதான். பொதுப் பகுதி எண் எடுக்கும் முறையை உடனே சொல்லிக்கொடுக்காதீர்கள். அரை இறாத்தல் பாணோடு இன்னும் கொஞ்சப் பாணைச் சேர்த்தால் அரை இறாத்தலை விடக் குறையுமா என்று கேளுங்கள். 2/5 பாதியை விடக் குறைவு என்று பிள்ளை தானே பிடிக்கட்டும். பிறகு பாணை ஆறு துண்டாகக் கீறுங்கள், பாதி மூன்று துண்டு, மூன்றில் ஒன்று இரண்டு துண்டு, மொத்தம் ஐந்து. பொதுப் பகுதி எண் ஏன் 6 என்று அதற்குப் பிறகு சொன்னால் மறக்காது.

−3 − 5க்கு 8 என்று வந்தால் "மைனசும் மைனசும் பிளஸ்" என்ற பெருக்கல் விதி கூட்டலுக்குள் புகுந்துவிட்டது. கடன் கொப்பியை எடுங்கள். கடையில் 300 ரூபா கடன் இருக்க இன்னும் 500 ரூபாவுக்குச் சாமான் எடுத்தால் கடன் தீருமா, கூடுமா? 2 எக்ஸ் + 3க்கு 5 எக்ஸ் என்று எழுதும் பிள்ளையிடம், இரண்டு மூட்டை நெல்லும் மூன்று கிலோ நெல்லும் சேர்ந்தால் ஐந்து மூட்டை ஆகுமா என்று கேளுங்கள். மூட்டை எத்தனை கிலோ என்று தெரியாது, அந்தத் தெரியாத கிலோதான் எக்ஸ்.

வட்டிப் பாடத்துக்கு நான் கூடுதலாக ஒரு நாள் எடுப்பேன், நுண்கடனால் கஷ்டப்படும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. 60,000 ரூபாவை வருடம் 24% வட்டிக்கு எடுத்து 12 மாதத்தில் கட்டுவதாக வையுங்கள். முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போட்டால் 14,400 ரூபா. மாதம் 5,000 கட்டி எடுத்த தொகை குறையக் குறைய மீதிக்கு மட்டும் வட்டி போட்டால், 5,000 ஒரு பங்கு என்று முதல் மாதம் 12 பங்கு, அடுத்தது 11 என்று இறங்கி மொத்தம் 78 பங்கு, ஒரு பங்குக்கு மாதம் 2% படி 100 ரூபா வட்டி, ஆக 7,800 ரூபாதான். போன வருசம் ஒரு பிள்ளை இதைக் கொப்பியில் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் அம்மாவின் கடன் அட்டையைப் பார்க்கப்போகிறேன் என்றாள்.

"விளங்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஓம் சேர்" என்றுதான் சொல்வார்கள், விளங்காவிட்டாலும். பேனையை அவர்கள் கையில் கொடுத்து, "நீங்கள் ரீச்சர், நான் பிள்ளை, எனக்குச் சொல்லித் தாங்கோ" என்று உட்காருங்கள், எந்த வரியில் தடுமாறுகிறார்கள் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதற்காகவே ஒரு வகுப்பில் ஆறு பேருக்கு மேல் எடுக்க மாட்டேன்.

அடித்தளம் சரிவர இரண்டு மூன்று மாதம் போகும். வினாத்தாளை அதற்குப் பிறகு எடுங்கள். இரண்டு பத்திரமும் சேர்த்து 200 புள்ளி, எஸ் (சாதாரண சித்தி) எடுக்க நூற்றுக்கு 35 வேண்டும், அதாவது 200க்கு 70. முதல் பத்திரத்தின் பகுதி 'அ'வில் 25 சின்னக் கேள்விக்கு இரண்டிரண்டாக 50 புள்ளி இருக்கிறது. பின்னம், சதவீதம், சின்னச் சமன்பாடு தெரிந்த பிள்ளைக்கு அதில் பெரும்பங்கு கிடைக்கும். மிச்சத்துக்கு இரண்டாம் பத்திரத்தில் வரைபு, இடை (சராசரி) இரண்டையும் நன்றாகப் பழக்குங்கள். தேற்றத்தைக் கண்டு பயப்படும் பிள்ளையை அதிலேயே மாதக்கணக்கில் பிடித்து வைக்காதீர்கள்.

பெற்றோரிடம் முதல் நாளே இரண்டு விடயம் சொல்லிவிடுங்கள். முதல் மாதம் தரம் 6, 7 கணக்குத்தான் செய்வோம், கொப்பியைப் பார்த்துப் பதற வேண்டாம். காசை அறுவடை முடியத் தரலாம், அதைப் பற்றிப் பிள்ளையிடம் கதைக்க மாட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் காசு கட்டாத பிள்ளை தானாகவே வராமல் நின்றுவிடும், எனக்கு அப்படி இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள்.

முதல் நாள் தாளைத் திகதி போட்டு வைத்திருங்கள். ஆறு கிழமை கழித்து அதே கணக்குகளைத் திரும்பக் கொடுத்து, பழைய தாளையும் பக்கத்தில் வைத்துச் சிவப்புப் பேனையைப் பிள்ளையிடமே கொடுங்கள்.