சரித்திரப் போர் மேசைக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருவது எப்படி

சரித்திரத்தில் நடந்த சண்டைகளைக் குட்டிச் சிப்பாய் உருவங்களாலும் பகடையாலும் மேசையில் விளையாடுகிற கிளப் எங்களுடையது. அதில் இருபத்திரண்டு பேர். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. நாலு வருஷத்துக்கு முன்பு வரை அங்கே வயதில் குறைந்தவன் நான்தான்.

இங்கிலாந்தின் நொட்டிங்காமிலிருந்து அரை மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கிறோம். இந்த விளையாட்டுக்காரர்கள் இந்தப் பக்கத்தை ‘ஈயப் பட்டை’ என்பார்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப், வார்லோர்ட் கேம்ஸ், பெரி மினியேச்சர்ஸ் என்ற உருவக் கம்பனிகள் எல்லாம் இந்த ஒரு நகரத்தைச் சேர்ந்தவைதான். உலகத்துக்கே குட்டிச் சிப்பாய்களை வார்த்து அனுப்புகிற ஊர் இது. அப்படியிருந்தும், நெப்போலியன் காலத்துச் சண்டை ஒன்றை மேசையில் விரித்தால் அதைச் சுற்றி நிற்பது முழுக்க நரைத்த தலைதான். இப்போது சனிக்கிழமைக் காலைகளில் ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். என்ன செய்தோம், எதில் தவறினோம் என்பதை எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கிளப் இருந்தால் உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் குட்டி உருவங்களில் ஆசை குறையவில்லை. மாயாஜாலப் படைகளை வைத்து விளையாடுகிற வார்ஹாமரின் கடை ஒன்றுக்கு எந்த சனிக்கிழமையும் போய்ப் பாருங்கள், மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் நிற்பார்கள். எங்கள் கிளப்பின் பெரியவர்கள் இந்த ஆசைக்குள் வந்தது ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளால். 1959இல் தொடங்கி அந்தக் கம்பனி விற்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சிப்பாய்களைக் கைச்செலவுக் காசிலேயே ஒரு பையன் வாங்கலாம். பெட்டியைத் திறந்தவுடன் தரையில் பரப்பி விளையாடலாம். அந்தப் பையன்களுக்கு இன்று எழுபது வயது. 1983இல் வார்ஹாமர் வந்த பிறகு, அடுத்த தலைமுறையின் கையில் முதல் பெட்டியைக் கொடுத்தது அந்தப் பக்கம். நாங்களோ இருநூறு உருவம் தீட்டி முடித்துவிட்டு வா, நூறு பக்க விதிப் புத்தகம் படித்துவிட்டு வா என்று வாசலிலேயே பரீட்சை வைத்தோம்.

அந்தப் பரீட்சையை எடுத்துவிடுவதுதான் முழு வேலையும். முதல் நாளே பகடை பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் யாராவது வெல்ல வேண்டும். வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும்.

இடம், நேரம், பொறுப்பு

கிளப் வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கூடினால் பிள்ளைகள் வர மாட்டார்கள். பிள்ளையை ஏற்றி இறக்குவது தாய் தகப்பன். அவர்களுக்கு வசதியான நேரம் சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு. நூலகத்தில் இடம் கேளுங்கள். புத்தகத்துக்காக வந்த குடும்பம் நின்று பார்க்கும், அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

பொறுப்பில் நிற்கும் பெரியவர்கள் இருவராவது டிபிஎஸ் சரிபார்ப்பு (குற்றப் பின்னணி உண்டா என்று பார்க்கும் அரசுச் சோதனை) முடித்திருக்க வேண்டும். பிள்ளையும் ஒரு பெரியவரும் தனியே ஓர் அறையில் இருக்கக்கூடாது. பதினாறு வயதுக்குக் கீழே என்றால் வீட்டார் ஒருவர் கூடவே இருக்கட்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி முதல் நாளே வீட்டாரிடம் கொடுங்கள். காத்திருக்கும் தாயை மேசைக்கு அழைத்து ஒரு தூரிகையும் கொடுங்கள். எங்களிடம் அப்படி வந்த இரண்டு தாய்மார் இப்போது கிளப் உறுப்பினர்கள்.

எந்தச் சண்டையை எடுப்பது

நூலகத்தில் நாங்கள் முதலில் போட்டது மூன்று மணி நேர நெப்போலியன் விளையாட்டு. மேசை எட்டு அடி நீளம், உருவங்கள் அறுநூறு. பார்க்க அழகு. நாற்பது நிமிடத்தில் ஐந்து பிள்ளைகளும் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அதுவரை ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவைதான் பகடை உருட்ட வாய்ப்பு வந்திருந்தது.

பிறகு யோசித்தோம். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் முழுவதும் எதற்கு? அதில் ஒரு கதவு போதும். 1815 ஜூன் 18, பிரிட்டிஷ் பக்கம் காத்து நின்ற ஊகுமோன் பண்ணை. வடக்கு வாசல் கதவைக் கோடரியால் உடைத்துக்கொண்டு லெக்ரோ என்ற பிரெஞ்சு அதிகாரி கொஞ்சப் பேரோடு முற்றத்துக்குள் நுழைந்துவிட்டார். ‘உடைப்பவர்’ என்பது அவருடைய பட்டப்பெயர். மக்டொனல் என்ற ஸ்கொட்லாந்துக்காரரும், கிரஹாம் என்ற ஐரிஷ் வீரரும், இன்னும் சிலரும் தோள்கொடுத்து அந்தக் கதவைத் தள்ளிச் சாத்தினார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரரில் முரசு அடிக்கும் ஒரு சிறுவனை மட்டும்தான் உயிரோடு விட்டார்கள் என்று அந்தக் கதை சொல்லப்பட்டு வருகிறது.

இதை மேசையில் இப்படி வையுங்கள். இரண்டு அடிக்கு இரண்டு அடி முற்றம். சுவருக்குக் காலை உணவுப் பெட்டியின் அட்டை, கதவுக்கு ஐஸ் குச்சிகள். 28 மில்லிமீட்டர் உருவங்கள்: பிரிட்டிஷ் இருபது, பிரெஞ்சு முப்பது. பிரெஞ்சில் பன்னிரண்டு பேர் தொடக்கத்திலேயே முற்றத்துக்குள். மீதிப் பேரில், கதவு திறந்திருக்கும் வரை, சுற்றுக்கு ஒரு பகடை உருட்டி விழுந்த எண்ணிக்கை அளவு உள்ளே வரலாம். நகர்வு ஆறு அங்குலம். சுடுதூரம் பன்னிரண்டு அங்குலம், ஐந்தோ ஆறோ விழுந்தால் எதிரி விழுந்தான். சுட்டவன் அடுத்த சுற்று முழுக்க நின்ற இடத்திலேயே துப்பாக்கிக்குக் குண்டு நிரப்ப வேண்டும். கைகலப்பில் ஆளுக்கு ஒரு பகடை, பெரிய எண் வெல்லும், சமம் என்றால் இருவரும் ஒரு அங்குலம் பின்வாங்குவார்கள். லெக்ரோவும் மக்டொனலும் மட்டும் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்வார்கள். கதவைத் தொட்டுக்கொண்டு, யாரோடும் சண்டையில் இல்லாமல் நிற்கும் ஒவ்வொரு பிரிட்டிஷ் உருவத்துக்கும் சுற்றுக்கு ஒரு பகடை. மொத்தம் மூன்று ஆறு விழுந்தால் கதவு மூடும், பிரிட்டிஷ் வென்றது. எட்டாவது சுற்று முடிந்தும் திறந்திருந்தால் பிரெஞ்சு வென்றது. முரசுச் சிறுவனை யாரும் தாக்கக்கூடாது.

விதி முழுவதும் இவ்வளவுதான், ஒரு அஞ்சலட்டையில் அடங்கும். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயருள்ள வீரனையும் அவனோடு ஏழெட்டுப் பேரையும் கொடுங்கள். பெயர் இருப்பது முக்கியம். “என்னுடைய இருபது பேர்” என்பதைவிட “என்னுடைய கிரஹாம்” என்றால் பிள்ளை மேசையை விட்டு நகராது.

இரண்டாவது சனிக்கிழமை ஏழாவது சுற்றில் இரண்டு ஆறு விழுந்திருந்தது, இன்னும் ஒன்று வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தியின் கையில் நாலு பகடை. உள்ளங்கைக்குள் வைத்துக் குலுக்கினாள், நிறுத்தினாள், கதவைத் தொட்டுக்கொண்டிருந்த தன் கிரஹாமைக் கொஞ்சம் நேராக்கி வைத்தாள், பிறகுதான் உருட்டினாள். மூன்று பகடை நின்றுவிட்டன, ஒன்றிலும் ஆறு இல்லை. நாலாவது சுவர் அட்டையில் மோதித் திரும்பி வந்து ஆறில் நின்றது. நூலகம் என்பதை எல்லோரும் மறந்து கத்தினோம். லெக்ரோவை விளையாடிய பையன் உடனே கேட்டான்: “அடுத்த கிழமையும் நான் அவராகவே வரலாமா?”

அடுத்த விளையாட்டுக்கு 1066ஐ எடுங்கள், வைக்கிங்குகளும் நோர்மானியரும் இங்கிலாந்துமேல் படையெடுத்த வருஷம். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளியிலேயே வைக்கிங்குகளைப் படிக்கிறார்கள், ஆகவே கதை பாதி தெரியும். ஸ்டாம்ஃபோர்ட் பாலத்தில் தனியே கோடரியோடு நின்று ஆங்கிலேயரின் முழுப் படையையும் மறித்த வைக்கிங்கின் கதை ஒரு மணி நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். அதற்குப் பிறகு ‘லயன் ரேம்பன்ட்’, ‘சாகா’ போன்ற விதிகளுக்குப் போகலாம். ஐம்பது அறுபது உருவங்கள் இருந்தால் இரண்டையும் விளையாடலாம்.

எங்களிடம் வரும் பிள்ளைகளில் மூன்று பேர் தமிழ்ப் பிள்ளைகள். “சோழர் படை இருக்கா மாமா?” என்று கேட்டார்கள். ‘டிபிஏ’ என்ற பழைய விதித்தொகுப்பில் ஒரு படைக்கு உருவங்கள் ஒட்டிய பன்னிரண்டு தட்டுகள்தான், அதில் தமிழர் படைக்கும் ஒரு பட்டியல் உண்டு, யானையோடு. தங்கள் பாட்டன் பூட்டன் படையைத் தீட்டுகிற பிள்ளை, மற்றவனின் பாட்டனைப் பற்றியும் கேட்கத் தொடங்கும்.

எதை வைக்கக்கூடாது என்பதும் சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்தவன், 1995 இடப்பெயர்வில் குடும்பத்தோடு நடந்து வந்தவன். என் சாப்பாட்டு மேசையில் சிப்பாய்களை முதல் தடவை பார்த்தபோது அப்பா சொன்னது இது: “சண்டைக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ இஞ்சை காசு குடுத்துச் சண்டை வாங்கிறாய்.” அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் அதிலிருந்து எனக்கு ஒரு வரம்பு வந்தது: பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இன்னும் உயிரோடு இருக்கக்கூடிய எந்தப் போரும் பிள்ளைகளின் மேசைக்கு வராது. நாஜி எஸ்எஸ் படையைத் தனக்குப் பிடித்த அணியாக ஒரு பிள்ளை தேர்ந்தெடுக்கும் நிலையையும் நாங்கள் உருவாக்குவதில்லை. ஒவ்வொரு விளையாட்டின் கடைசி ஐந்து நிமிடமும் உண்மையில் நடந்ததைச் சொல்வதற்கு. முரசுச் சிறுவனை மட்டும் ஏன் விட்டார்கள், மற்றவர்களை ஏன் விடவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. ஒரு சனிக்கிழமை வந்து பின்வரிசையில் இருந்து அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமையும் வந்தார்.

ஒரு உருவம், நாற்பது நிமிடம்

மூன்றாவது வாரம் தீட்ட விடுங்கள். முழுப் பெட்டியைக் கொடுத்து மலைக்க வைக்காதீர்கள், ஆளுக்கு ஒன்றே ஒன்று. நாற்பது உருவங்கள் அளவில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி புதிய வீடியோ கேம் ஒன்றின் விலைக்குள் வந்துவிடும், ஒரு பெட்டி முழு வருஷத்துக்கும் காணும்.

வெட்டி ஒட்டுவதையும் வெளிர் எலும்பு நிற அடிப்பூச்சு அடிப்பதையும் முந்தின நாளே நீங்கள் செய்து வையுங்கள். 2019இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் ‘கொன்ட்ராஸ்ட்’ என்ற வகைச் சாயத்தை விற்கத் தொடங்கியது. ஒரே பூச்சில் பள்ளத்தில் இருண்டும் மேட்டில் வெளுத்தும் தானாக நிழல் விழும். புதியவருக்கு இதைவிட நல்ல நண்பன் இல்லை. முதலில் முகமும் கையும். பிறகு சிவப்புச் சட்டை. தொப்பிக்குக் கறுப்பு, துப்பாக்கிக் கட்டைக்கு மண்ணிறம். குறுக்குப் பட்டைக்குக் கடைசியில் கெட்டி வெள்ளை. துப்பாக்கிக் கத்தி முனையில் ஒரு பொட்டு வெள்ளிநிறம், அதுதான் பிள்ளையின் முகத்தை மலர வைக்கிற இடம். அடித்தட்டில் பசை பூசி மணலில் அமுக்குங்கள். முடிந்தது. பழைய வார்ப்பு உருவங்களில் ஈயம் இருக்கும், ஆகவே தின்பண்டம் வேறு மேசையில், விளையாடிய கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

இனி எங்கள் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பல வருஷத்துக்கு முன்பு வேறொரு கிளப்பில் நான் நேரில் பார்த்தது. பதினாலு வயதுப் பையன் ஒருவன் தான் தீட்டிய பிரெஞ்சுக் காலாட்படையைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தான். அங்கிருந்த ஒருவர் குனிந்து பார்த்து, “கைமடிப்பு நிறம் பிழை, அந்த ரெஜிமென்டுக்கு இது வராது” என்றார். அவர் சொன்னது சரிதான். பையன் உருவங்களைத் திரும்பத் துணியில் சுற்றினான். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. நானும் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. எங்கள் மேசையில் இப்போது எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பிள்ளை கேட்காமல் நிறத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வார்ஹாமர் பிள்ளைகளிடம் “அது சின்னப் பிள்ளை விளையாட்டு” என்று சொல்வதும் இல்லை. அவர்களுடைய ஓர்க்குகளையே, அந்தக் கற்பனை அரக்கர் உருவங்களையே, கொண்டு வரச் சொல்லுங்கள். ‘லயன் ரேம்பன்ட்’டுக்கு ‘டிராகன் ரேம்பன்ட்’ என்று மாயாஜாலத் தம்பி ஒன்று இருக்கிறது, 2015இல் வந்தது. ஒரு மாதம் ஓர்க் விளையாடியவன் அந்த விதிகளோடேயே நோர்மானியருக்கு மாறிவிடுவான்.

கடைசியாக, இரவல் பெட்டி. எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் போன வருஷம் காலமானார். அவருடைய மனைவி கூப்பிட்டு, மாடியில் இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். முப்பது சப்பாத்துப் பெட்டிகள். ஒவ்வொரு உருவத்தின் அடியிலும் பென்சிலால் எழுதிய மாதமும் வருஷமும், ஆகப் பழையது 1974. ஏலத்தில் விற்றுக் கிளப்புக்குக் காசாக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் விற்கவில்லை. ஐம்பது ஐம்பதாகப் பிரித்து மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்தோம். கூடவே ஒரு விதி அட்டை, நாலு பகடை, ஒரு அளவுநாடா. பிள்ளைகள் இரண்டு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். உடைந்தால் பரவாயில்லை, ஒட்டிக் கொடுப்போம். உங்கள் கிளப்பின் மூத்தவர்களிடமும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே உருவங்களைக் கேளுங்கள். தயக்கமாக இருக்கும், ஆனால் நாங்கள் கேட்ட ஆறு பேரில் ஐந்து பேர், இவ்வளவு நாளும் இதை யாரிடம் கொடுப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தோம் என்றார்கள்.

கிரஹாமை நேராக்கி வைத்த அந்தப் பிள்ளை முதலில் இரவல் வாங்கியது 1974 பெட்டி. திருப்பிக் கொண்டு வந்தபோது உள்ளே ஐம்பத்தொரு உருவங்கள் இருந்தன. அதிகமாயிருந்ததைப் புரட்டிப் பார்த்தேன், அடியில் பென்சிலால் அந்த மாதமும் வருஷமும் எழுதியிருந்தாள்.