பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள்

குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து வேலூரிலிருந்து குடியாத்தம் திரும்பிய சித்தப்பா, அன்றிரவு மாத்திரையைத் தொடவே இல்லை. "வலியே இல்லையப்பா, எதற்கு வீணாக?" என்றார். தையல் போட்ட இடத்தை மரத்துப்போக வைத்த ஊசிதான் அதுவரை வலியை மறைத்திருந்தது. நள்ளிரவில் அதன் வேகம் தணிந்ததும் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். பாராசிட்டமால் வேலை செய்யவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வலி உச்சிக்கு ஏறியபின் போட்டால் அதே மாத்திரை போதாமல் போகும். முதல் இரண்டு மூன்று நாட்கள் வலியைப் பார்க்காமல், சீட்டில் எழுதியபடி கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்கள், வழியில் ஒவ்வொரு வேகத்தடையும் தையலைக் குலுக்கும் என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

பொறுத்துக்கொள்வதை வீரம் என்று மெச்சுகிறோம். வயிற்றில் தையலோடு வலிக்குப் பயந்து இருமாமல், ஆழ்ந்து மூச்சு விடாமல் கிடந்தால் சளி தங்கி நிமோனியா வரலாம். நடக்காமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமிப் பாருங்கள், பாதி பயம் போய்விடும்.

இதற்கு நேர்மாறான தவறு, அவசரப்பட்டு அள்ளிப்போடுவது. உடல்நலமுள்ள, வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குப் பாராசிட்டமால் 4 கிராம்தான் எல்லை. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம். மெலிந்தவர்களுக்கும், கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ உள்ளவர்களுக்கும் எல்லை இன்னும் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றிலும், டிரமடால் என்ற வீரியமான வலி மருந்து கலந்த சில மாத்திரைகளிலும் இதே மருந்து ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை பற்றி எனக்குக் கவலை அதிகம். வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குச் சேதம் இரண்டும் அதனால் வரலாம். கழிப்பறைக்கு எழுந்து போவது வலிக்கிறது என்று தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம். வேலூர் வெயிலில் உடல் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் வாட்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், அல்சர் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

டிரமடால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் தரும். பத்தியம் என்று ரசம் சாதத்தோடு நிறுத்தாமல், மருத்துவர் தடுக்காதவரை கீரை, பழம், தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கினால் தையல்தான் வலிக்கும். டிரமடாலோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். காயத்தில் மஞ்சளும் தைலமும் வேண்டாம்.

வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஏறினால், காயம் சிவந்து சீழ் கோத்தால், காய்ச்சல் அடித்தால், ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கினால் டிஸ்சார்ஜ் சீட்டோடு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ என்றால் பஸ்ஸுக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.