வழி உங்கள் வாயில் இருந்தால் கோல் எதற்கு? நடமாட்டப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வையற்ற பிள்ளைகளைத் தனியே நடக்கப் பழக்க வரும் புதியவர்கள் வருடாவருடம் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். நாங்களும் விழுந்து எழுந்த குழிகள்தான். எல்லாருக்கும் தெரிந்த சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறோம்.

வளர்ந்த பிள்ளைக்குப் பழைய கோல்

வெள்ளைக் கோலை நேராக நிறுத்தினால் மேல்முனை நெஞ்செலும்பின் கீழ்நுனி வரை வர வேண்டும். வேகமாக நடப்பவருக்கு இன்னும் சில சென்டிமீட்டர் நீளம் தேவை. 12 வயதில் வாங்கியதை 15 வயதிலும் பிடித்திருக்கும் பிள்ளை குனிந்தே நடக்கும். கோல் பள்ளத்தைக் கண்டுபிடிக்கும்போது காலும் பள்ளத்தில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

தாளம் தப்புவது

இடது கால் முன்னே போகும்போது கோல்முனை வலப்பக்கம் தொட வேண்டும். அடுத்து வலது கால் ஊன்றப்போகும் இடத்தை அது முன்கூட்டியே சோதித்துவிடும். வீச்சு தோளகலத்தைவிட இருபுறமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் 1940களில் வகுத்த நீள்கோல் முறையின் உயிர்நாடி இதுதான். கால் போகும் பக்கமே கோலும் போனால் பாதி வழி சோதிக்கப்படாமலே கழியும். பக்கத்தில் நடந்தால் இது கண்ணில் படாது, பின்னால் நின்று பாருங்கள்.

அடிகளை எண்ண வைப்பது

வேண்டாம். பை கனத்தால் அடி குறுகும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எண்ணிக்கையே போச்சு.

ஓயாமல் பேசுவது

இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருவது இதில்தான்.

14 வயதுப் பெண் நடைபாதையில் போகிறாள். எதிரே இரும்புக் கம்பம். கோல்முனை அதைத் தொட இன்னும் ஓரடி இருக்கிறது. “இடது பக்கம் வாம்மா” என்கிறார் பயிற்சியாளர். அவள் விலகிப் போகிறாள், எதிலும் இடிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு நிம்மதி.

அந்த ஒரு சொல் எவ்வளவு பாடத்தை விழுங்கிவிட்டது தெரியுமா? கோல் ‘டங்’ என்று பட்டிருக்கும், அவள் நின்றிருப்பாள். முனையை மேலே நகர்த்தி, இது சுவரில்லை, கம்பம் என்று அறிந்திருப்பாள். இருபுறமும் தடவி இடைவெளி தேடியிருப்பாள். சுற்றிப் போனபின் பழைய நேர்கோட்டுக்குத் திரும்பியிருப்பாள். எதுவுமே நடக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அதே தெருவில் பிசகில்லாமல் நடப்பாள், குரல் உடன் இருக்கும்வரை. குரல் இல்லாத நாளில் கம்பத்தின் முன்னால் அப்படியே நிற்பாள். பயந்து அல்ல, அடுத்த உத்தரவுக்காக. சுவர் முடிந்து சந்து திறக்கும்போது மாறும் ஓசையைக் கேட்க வேண்டிய காதை நாம் நம் குரலுக்குப் பழக்கிவிட்டோம். இதைத் திருத்துவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம்.

பேச வேண்டியதைக் கிளம்பும் முன் பேசிவிடுங்கள்: எங்கே போகிறோம், வழியில் எந்த இரண்டு அடையாளங்கள், எங்கே நிற்க வேண்டும். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். கோல் எதிலாவது பட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். தொடக்கத்தில் கையெட்டும் தூரத்தில், ஓரடி பின்னால் நில்லுங்கள். பழகப் பழக மூன்று மீட்டர், பிறகு எதிர்ச்சாரி. சாலை கடக்கும்போது மட்டும், முழு நம்பிக்கை வரும்வரை, கையெட்டும் தூரம்தான். சத்தமில்லாத செருப்பு போடுங்கள், உங்கள் காலடியோசையும் வழிகாட்டிவிடும்.

குறுக்கிட வேண்டிய இடங்கள் உண்டு: வண்டி, திறந்த குழி, தலைக்கு நேரே வரும் கிளை. இடுப்புக்கு மேலே இருப்பதைக் கோல் சொல்லாது. அப்போது முன்பே பேசிவைத்த ஒரே சொல், “நில்”. “பார்த்து, பார்த்து” என்று பதறுவதால் எந்தத் தகவலும் போய்ச் சேராது.

தவறான தெருவில் திரும்பிவிட்டால் கொஞ்சம் போகவிடுங்கள். பிறகு கேளுங்கள்: “இப்ப வெயில் எந்தக் கன்னத்துல படுது? திரும்புறதுக்கு முன்னாடி எதுல பட்டுது?” பெரும்பாலும் பதில் சொல்லும்போதே பிள்ளை தானாகத் திரும்பிவிடும்.

கூட்டத்தோடு சாலை கடப்பது

பக்கத்தில் நிற்பவர் நகர்ந்தால் சிக்னல் விழுந்ததாக அர்த்தமில்லை. தாம் போகும் திசையிலேயே போகும் வண்டிகள் ஒன்றாக உறுமிக் கிளம்பும் கணம்தான் அடையாளம். பாதி பச்சையில் வந்து சேர்ந்தால் அடுத்த பச்சைக்குக் காத்திருக்க வேண்டும், மிச்ச நேரம் தெரியாது. நடைபாதை விளிம்பை வைத்துத் திசை பிடிக்கவும் விடாதீர்கள். தெருமுனையில் அது வளைந்திருந்தால் சந்திப்பின் நடுவே கொண்டுபோய் விடும். மின்வண்டிகள் மெதுவாக வரும்போது ஓசை மிகக் குறைவு என்பதையும் சொல்லிவையுங்கள்.

கையைப் பிடித்து இழுத்துப்போவது

பார்வையற்றவர்தான் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும், அரை எட்டு பின்னால்.

செல்பேசியை நம்பி விடுவது

ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். “வந்துவிட்டீர்கள்” என்று அது சொல்லும்போது வாசல் எதிர்ச்சாரியில் இருக்கலாம். இரண்டு காதையும் அடைக்கும் இயர்போன் கூடவே கூடாது.

“இவனுக்குத்தான் கண் கொஞ்சம் தெரியுமே”

நண்பகலில் தெரியும். அதே தெருவுக்கு அந்தி சாயும்போது ஒருமுறை கூட்டிப்போங்கள், கோலோடு.