ஆகாய கங்கைக்குக் குடும்பத்தோடு முதல் நடை: திரும்பி ஏறத் தயாராவது எப்படி?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்த அருவிக்கு நடந்து போகலாம் என்று யார் கேட்டாலும் நான் கொல்லிமலை ஆகாய கங்கையைத்தான் சொல்வேன். அங்கே ஐயாறு என்ற ஆறு ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து கீழே வரை படிக்கட்டு இருப்பதால் வழி தவறாது. ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்.

ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பழனியில் தெம்பாக இருக்கும்போது ஏறி, களைத்த பிறகு இறங்குகிறோம். இங்கே தலைகீழ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை விளையாட்டாக இறங்கிவிடுவோம். குளித்து, பசித்து, கால் துவண்டபிறகு அத்தனையையும் ஏற வேண்டும். முதல் தடவை நாங்கள் பதினொன்றரை மணிக்கு மேல் இறங்கினோம். உச்சி வெயிலில் ஏறும்போது என் மகனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கடைசி முந்நூறு படிக்கு அவன் அப்பா தோளில் சுமந்தார். அதன்பிறகு மூன்று முறை போய்விட்டோம், ஒருவருக்கும் சிரமமில்லை. என்ன மாற்றினோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

1. யார் இறங்குவது என்று வீட்டிலேயே பேசிவிடுங்கள்

முழங்கால் வலி, இதயக் கோளாறு, மூச்சிரைப்பு உள்ளவர்கள் இறங்க வேண்டாம். "பாதி வரைக்கும் வர்றேன்" என்பதும் வேண்டாம், பாதியிலிருந்தும் ஏறித்தானே ஆக வேண்டும்? என் மாமியார் கோயிலிலேயே இருந்துகொள்வார். மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டு, தரிசனம் முடித்து, நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அறுத்த மீனைப் பொருத்தியவர் என்று சுவாமிக்கு ஒரு பெயர் உண்டு, அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது அவர் வேலை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை நான் இறக்க மாட்டேன். தூக்கிக்கொண்டு ஏறுவோம் என்பவர்கள், 12 கிலோ அரிசிப் பையோடு மாடிப்படி ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

2. மூன்று வாரம் மாடிப்படி

ஒரு மாடிக்குச் சுமார் 20 படி என்றால், ஆயிரம் படி என்பது 50 மாடி. முதல் வாரம் தினமும் 5 மாடி, அடுத்த வாரம் 10, மூன்றாவது வாரம் 15 ஏறி இறங்குங்கள். பிள்ளைகளும் கூட வரட்டும். பக்கத்தில் மலைக்கோயில் இருந்தால் ஒரு ஞாயிறு அதில் ஏறுங்கள். வீட்டில் யார் மெதுவாக நடப்பவர் என்பது அப்போதே தெரிந்துவிடும். எல்லா நேரக் கணக்கையும் அவரை வைத்தே போட வேண்டும்.

3. நாளும் நேரமும்

மழை ஓய்ந்த பிறகு வரும் மாதங்கள்தான் நல்லவை, தண்ணீரும் இருக்கும், வெயிலும் கொல்லாது. பலத்த மழையில் வனத்துறை அருவியை மூடிவிடும், அதனால் முந்தின நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் நெரியும், முதல் தடவைக்கு அது வேண்டாம்.

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகளுக்கு இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வாந்தி வரும் பிள்ளையைச் சன்னலோரம் உட்காரவைத்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

காலை ஒன்பதரைக்குப் படியில் கால் வைத்தால் இறங்க முக்கால் மணி, அருவியில் ஒரு மணி, ஏற ஒன்றரையிலிருந்து இரண்டு மணி. ஏறுவதற்கு இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குவது எங்கள் கணக்கு.

4. பையில்

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை, காட்டுக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து ஒரு பாட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அது ஏறும்போது குடிக்க. கடலை மிட்டாய், மாற்று உடை, துண்டு. புளிச்சாதம் வண்டியிலேயே இருக்கட்டும். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கும், முதுகுப் பைக்குள் போடுங்கள். செருப்பு பின்பக்கம் வார் உள்ளதாக இருக்கட்டும்.

5. இறங்கும்போது

படிகள் ஒரே உயரமாக இருக்காது, ஈரமும் இருக்கும். பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில். ஓட விடாதீர்கள். இறங்கும்போது ஓடிய பிள்ளைதான் ஏறும்போது உட்கார்ந்து அழும். தாகம் எடுக்காவிட்டாலும் நூறு படிக்கு ஒரு வாய் தண்ணீர்.

6. அருவியில்

அப்புறம், நான் மிகவும் கண்டிப்பாக இருக்கும் இடம் இது. நம் தலைக்கு மேலே வானம் வெளுத்திருந்தாலும், மலையின் மேல்பக்கம் மழை பெய்தால் வெள்ளம் நிமிடங்களில் வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். தண்ணீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் கூட்டமாக வந்தாலும், இரைச்சல் மாறினாலும், சோப்பு நுரையோடாவது வெளியே வாருங்கள். இன்னும் சொன்னால், சோப்பே வேண்டாம், அது ஆற்று நீர்.

எல்லாரும் ஒரே நேரத்தில் குளிக்கக் கூடாது. ஒரு பெரியவர் கரையில் நின்று தண்ணீரையும் பிள்ளைகளையும் மட்டும் பார்க்க வேண்டும், கைபேசியைப் பார்க்கக் கூடாது. நேர் கீழே நிற்காதீர்கள், மேலிருந்து கல் வரும்.

ஏறுவதற்கு முன் ஈர உடையைக் கட்டாயம் மாற்றுங்கள். நனைந்த துணியோடு ஏறினால் தொடை உரசிப் புண்ணாகும்.

7. ஏறுவது

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். மற்றவர்கள் அவருக்குப் பின்னால். ஐம்பது படி, இரண்டு நிமிடம் நின்றுகொண்டே ஓய்வு, மறுபடி ஐம்பது படி. உட்கார்ந்தால் கால் இறுகிக்கொள்ளும். எண்ணும் பொறுப்பைச் சின்னவளிடம் கொடுத்தோம், அவள் அழவே இல்லை. யாருக்காவது தலைசுற்றலோ நெஞ்சில் பாரமோ இருந்தால் உடனே நிழலில் உட்காரவைத்து உதவி கேளுங்கள். அங்கே வேகம் காட்ட ஒன்றுமில்லை.

மேலே வந்து சாப்பிட்டு, சோளக்காட்டில் மலைவாழைப்பழமும் மிளகும் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் வளைவுகளை இறங்கிவிடுங்கள். வண்டி எந்தக் கியரில் ஏறியதோ அதே கியரில் இறங்கட்டும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். இரண்டாம் நாள் கெண்டைக்கால் வலிக்கும், வெந்நீர் ஊற்றிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும்.