செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லையா? பழைய பெட்ரோல் வண்டியில் கரண்ட் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் முறை

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. இந்த நிலைமைக்குத்தான் இந்தப் பதிவு. செல்ஃபே அசையவில்லை என்றால் பேட்டரி டெர்மினலில் தொடங்குங்கள், அது வேறு விஷயம்.

எங்கள் வண்டி மஹிந்திரா எஃப்.சி. 150. ஜீப்பில் வரும் அதே நான்கு சிலிண்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். திருவட்டாறு பக்கம் ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்றிய வண்டி. நம் குமரி மாவட்டத்தில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் போனால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பாயிண்ட் (காயிலின் கரண்டை மாற்றி மாற்றித் திறந்து மூடும் சின்ன முனைகள்) வைத்த பழைய இக்னிஷனுக்கு இந்த ஈரமும் ஆகாது, உப்பும் ஆகாது.

காயில் (12 வோல்ட்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக ஆக்குவது) மாற்றுவோம், பிளக் மாற்றுவோம் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டால் பணம்தான் போகும். பேட்டரியில் கிளம்பிய கரண்ட் பிளக் முனைக்குப் போகும் வழியில் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த இடம் தெரிந்த பிறகு கடைக்குப் போனால் போதும்.

என்னென்ன வேண்டும்

5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று, அதில் இரண்டு வயர், ஒரு முனையில் முதலை கிளிப். இதுதான் டெஸ்ட் லாம்ப். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது, ஆனால் முதலில் கையில் எடுக்க வேண்டியது பல்புதான். கெட்ட வயரின் முனையில்கூட மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்பு எரிய அந்த வயரில் உண்மையிலேயே கரண்ட் ஓட வேண்டும். இவற்றோடு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு), பாயிண்ட் ஃபைல் (சின்ன அரம்), பிளக் ஸ்பேனர், பிடியில் ரப்பர் உறை போட்ட கட்டிங் பிளேயர்.

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிடுங்கள். கதவு இரண்டையும் திறந்து வையுங்கள். எஞ்சின் கேபினுக்குள்ளேயே இருப்பதால் பெட்ரோல் ஆவி அங்கேயே தங்கும். பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்பார்க் சோதனை வேண்டாம், கசிவை முதலில் நிறுத்துங்கள்.

முதலில் காயில் ஸ்பார்க்

ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப் (மேல்மூடி) நடுவில் செருகியிருக்கும் காயில் வயரை உருவி, அதன் முனையை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி பிளேயரால் பிடியுங்கள். இன்னொருவர் செல்ஃப் போடட்டும். வெயிலில் ஸ்பார்க்கின் நிறம் தெரியாது, நிழலில் பாருங்கள்.

‘டிக் டிக்’ என்று சத்தத்தோடு நீலமாகப் பாய்ந்தால் காயில் வரைக்கும் சரி. கேப், ரோட்டார் (கேப்புக்குள் சுழலும் முனை), பிளக் பக்கம் போங்கள். மஞ்சளாக, மெலிந்து வந்தால் கண்டன்ஸர் (பாயிண்டோடு இணைந்த சின்ன கெபாசிட்டர்), பாயிண்ட், எர்த் மூன்றையும் சந்தேகப்படுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் அடுத்த படி.

காயிலுக்குக் கரண்ட் வருகிறதா

பல்பின் கிளிப்பை எஞ்சினில் மாட்டி, மறுமுனையைச் சாவியிலிருந்து வரும் வயர் காயிலில் சேருமிடத்தில் வையுங்கள். சாவி போட்டதும் பல்பு எரிய வேண்டும், செல்ஃப் சுற்றும்போதும் எரிய வேண்டும். செல்ஃப் இழுப்பதால் கொஞ்சம் மங்கும், அது பரவாயில்லை. சாவி போட்டால் எரிந்து, செல்ஃப் போட்டதும் அடியோடு அணைந்தால் இக்னிஷன் சுவிட்சின் உள்முனை தேய்ந்திருக்கிறது. சுவிட்சை மாற்றுங்கள்.

பாயிண்ட்: என்னை நிறுத்திவைத்த இடம்

பல்பின் முனையைக் காயிலின் மறுபக்கம், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயர் இருக்கும் டெர்மினலில் வையுங்கள். செல்ஃப் போடுங்கள். பல்பு மினுக் மினுக் என்று எரிந்து அணைய வேண்டும். பாயிண்ட் மூடும்போது கரண்ட் நேராக எர்த்துக்குப் போய்விடுவதால் பல்பு அணையும். திறக்கும்போது பல்பு வழியாகப் போவதால் எரியும். மினுக்கினால் பாயிண்ட் வேலை செய்கிறது.

பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடியும் கரண்ட் கடக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் வண்டியில் இதுதான். கண்ணுக்குப் பாயிண்ட் சுத்தமாகத் தெரிந்தது, திறந்து மூடவும் செய்தது. ஆனால் மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் லேசான சாம்பல் நிறப் படலம் படிந்துவிடும். அதைத் தாண்டிக் கரண்ட் போகாது. பாயிண்ட் ஃபைலால் இரண்டு இழுப்பு போதும். உப்புத்தாள் போடாதீர்கள், அதன் மணல் துகள் முகத்தில் பதிந்து மறுபடியும் தகராறு செய்யும். ஃபைல் போட்ட பிறகு மூடிய பாயிண்டுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி இழுங்கள். கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரைக்கும் தாளை மாற்றி மாற்றி இழுங்கள்.

பல்பு எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கரண்ட் எங்கோ எர்த் ஆகிறது. கண்டன்ஸர் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி செல்ஃப் போடுங்கள். இப்போது மினுக்கினால் கண்டன்ஸர் உள்ளே ஷார்ட். அப்படியும் எரியவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் அந்தச் சின்ன வயரின் உறை உரசித் தேய்ந்திருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் இடைவெளி. பாயிண்டின் குதிகால் (கேமில் உரசும் பகுதி) கேமின், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று பாயிண்டைத் திறக்கும் துண்டின், உச்சியில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் அந்த இடத்துக்குக் கொண்டுவரலாம் (சாவி கட்டாயம் ஆஃப்; அளந்ததும் மறுபடி நியூட்ரல், ஹேண்ட் பிரேக்). இந்த எஞ்சினுக்கு 0.020 அங்குலம், சுமார் 0.5 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நுழைய வேண்டும். குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், அதனால் கேமில் கிரீஸை நகக்கண் அளவுக்குத் தடவுங்கள். கூடினால் தெறித்துப் பாயிண்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஒரு விஷயம்: சாவியை ஆன் செய்துவிட்டு நீண்ட நேரம் விடாதீர்கள். பாயிண்ட் மூடி நின்றால் காயில் சூடாகிக் கெட்டுவிடும்.

எர்த் பட்டை

கடலோர வண்டிக்காரர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு செம்புப் பட்டைதான் எர்த். உப்புக்காற்றில் அது பச்சை பூத்துப் பொடியாகும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் போடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பலவீனம். பட்டையைக் கழற்றி, இரண்டு முனையிலும் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து மாட்டுங்கள். செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது என்று புது பேட்டரி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

கேப், ரோட்டார், பிளக்

கேப்பின் உள்ளே முனைக்கு முனை பென்சில் கோடு போலக் கறுப்பு இழை ஓடினால் அது கார்பன் தடம். துடைத்தால் போகாது, கேப்பை மாற்றுங்கள். வெறும் ஈரம்தான் என்றால் காட்டன் துணியால் துடைத்து வெயிலில் காயவையுங்கள். பிளக் இடைவெளி 0.030 அங்குலம். பிளக் வயர்களைக் கழற்றினால் மாட்டும் சிலிண்டர் வரிசை 1-3-4-2.

ஸ்பார்க் எல்லாம் சரி, இன்னும் எடுக்கவில்லை என்றால் டேங்கைப் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கலாம்.

பின்சேர்க்கை: கருங்கல் பக்கத்து வாசகர் ஒருவர், காயிலுக்குக் கரண்ட் வரும் இணைப்பைச் சுத்தம் செய்யும் முன்பே பல்பு நன்றாக எரிகிறதே என்று கேட்டிருந்தார். அவர் வைத்திருந்தது எல்.இ.டி. டெஸ்டர். கெட்டுப்போன இணைப்பின் வழியே கசியும் துளிக் கரண்டுக்கும் எல்.இ.டி. எரிந்துவிடும். இழை பல்புதான் வேண்டும்.

இன்னொருவர் டீசல் எஞ்சின் மாற்றிய ஜீப்புக்குக் கேட்டிருக்கிறார். டீசலில் காயிலும் பாயிண்டும் பிளக் ஸ்பார்க்கும் கிடையாது, இந்தச் சோதனை எதுவும் பொருந்தாது. எஞ்சினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா, டீசல் லைனில் காற்று அடைத்திருக்கிறதா என்று அங்கிருந்து தொடங்குங்கள்.